இங்கிலாந்தின் பழைய ஊர்களை நடந்து பார்ப்பது எப்படி: பிள்ளைகளிடம் செல்லும் மட்டக்களப்புப் பெற்றோருக்கு

பிள்ளைகளைப் பார்க்க மட்டக்களப்பில் இருந்து இங்கிலாந்து செல்லும் பெற்றோருக்கு வழக்கமாகக் கிடைக்கும் விசா ஆறு மாதம் வரை தங்க இடமளிக்கிறது. ஆனால் அவர்களில் பலர் பேரப்பிள்ளைகளைப் பாடசாலையில் விடுவதும், ஈஸ்ட்ஹாமிலோ வெம்பிளியிலோ சாமான் வாங்குவதும், கோயிலுக்குப் போவதுமாக அந்தக் காலத்தைக் கழித்துவிட்டு, லண்டனுக்கு வெளியே ஓர் ஊரையும் காணாமல் திரும்பிவிடுகிறார்கள். பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் ஏற்றிச் சென்று ஐந்து ஊர்களைக் காட்டினாலும், இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு மறுபடி ஏறுவதுதான் நடக்கிறது. ஒரு நாளைக்கு ஓர் ஊர் போதும். அதையும் நடந்தே பார்க்க வேண்டும்.

மே முதல் செப்டெம்பர் வரையான காலம் இதற்கு உகந்தது. எங்கள் பக்கத்தில் ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டியே பொழுது சாய்கிறது. அங்கோ யூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மாலை நான்கு மணியளவிலேயே இருட்டத் தொடங்கிவிடும். 60 வயது நிறைந்தவர்கள் கடவுச்சீட்டைக் காட்டி மூத்தோருக்கான ரயில் அட்டையை வாங்கிக்கொண்டால், பெரும்பாலான பயணச்சீட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு குறையும். லண்டனைச் சுற்றிய பகுதியில் வேலைநாட்களின் காலை நெரிசல் நேரத்துக்கு அந்தச் சலுகை இல்லையாதலால், சற்றுப் பிந்திப் புறப்படுவதே இலாபம்.

முதற் பயணத்துக்குக் கொட்ஸ்வோல்ட்ஸ் மலைப்பகுதியில் உள்ள சிப்பிங் கம்டனைத் தெரிவு செய்யலாம். லண்டன் பாடிங்டன் நிலையத்தில் இருந்து மோட்டன்-இன்-மார்ஷ் வரை ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்; அங்கிருந்து பஸ் உண்டு. ஊரை அடைந்ததும் கடைத்தெருவில் நின்று நேரத்தைக் கடத்தாமல், முதலில் தேவாலயத்துக்குச் செல்ல வேண்டும். இங்கிலாந்தின் கிராமத் தேவாலயங்களிற் பல பகலிற் பூட்டப்படுவதில்லை. நுழையக் கட்டணமும் இல்லை. சப்பாத்தைக் கழற்றத் தேவையில்லை, ஆண்கள் தொப்பியைக் கழற்றினாற் போதும். இங்குள்ள புனித யாக்கோபு தேவாலயத்தின் தரையில், 1401ஆம் ஆண்டு இறந்த வில்லியம் கிரெவெல் என்ற கம்பளி வணிகரும் அவருடைய மனைவியும் செதுக்கப்பட்ட பித்தளைத் தகடு பதிக்கப்பட்டுள்ளது. இங்கிலாந்து முழுவதிலும் உள்ள கம்பளி வணிகர்களின் மலர் என்று அதிலுள்ள இலத்தீன் வாசகம் அவரைப் புகழ்கிறது. அந்தத் தகட்டை மிதிக்காமல் ஓரமாக நின்று பார்க்க வேண்டும். இவ்வளவு சிறிய ஊருக்கு இவ்வளவு பெரிய கோபுரம் எப்படி வந்தது என்பதற்கான விடை அந்தத் தகட்டிலேயே இருக்கிறது: இப்பகுதி ஆடுகளின் கம்பளியை இத்தாலி வரைக்கும் விற்றுச் சேர்த்த பணமே கல்லாக எழுந்து நிற்கிறது.

தேவாலயத்துக்குப் பக்கத்தில், 1645இல் உள்நாட்டுப் போரின்போது எரிக்கப்பட்ட மாளிகை ஒன்றின் வாயிலும் எஞ்சிய மண்டபங்களும் தெரியும். அதைக் கட்டிய பாப்டிஸ்ட் ஹிக்ஸ் என்பவரே, 1612இல் ஏழை முதியோருக்கான வீட்டு வரிசையையும், 1627இல் கடைத்தெருவின் நடுவேயுள்ள சந்தை மண்டபத்தையும் கட்டுவித்தார். வெண்ணெயும் பாற்கட்டியும் கோழியும் விற்பதற்கென்று எழுந்த அந்த மண்டபத்தினுள், தளக்கற்கள் தேய்ந்து மேடும் பள்ளமுமாகக் கிடக்கின்றன. முழங்கால் வலி உள்ளவர்கள் பார்த்துக் கால் வைக்க வேண்டும். கம்பளி வணிகம் பின்னர் நொடித்துப்போனதால், பழையதை இடித்துப் புதிதாகக் கட்ட ஊரவரிடம் பணம் இருக்கவில்லை. இன்று நாம் வியந்து பார்க்கும் தேன்நிறக் கல்வீடுகள் தப்பிப் பிழைத்ததற்கு அந்த வறுமையும் ஒரு காரணம்.

மதியத்துக்குப் பின் ஒரு கட்டை தூரத்தில் உள்ள புரோட் கம்டனுக்கு வயல்வழியாக நடக்கலாம். இந்தப் பாதைகள் தனியார் நிலத்தினூடாகச் சென்றாலும் அவற்றில் நடக்கும் உரிமை சட்டப்படி எல்லோருக்கும் உண்டு. வட்டைக்குள் மற்றவருடைய வரம்பால் நடப்பது போன்றதே இது, கமக்காரர் மறிக்க முடியாது. மரக்கம்பங்களில் உள்ள மஞ்சள் அம்புக்குறி நடைபாதையையும், நீல அம்புக்குறி குதிரையும் செல்லக்கூடிய பாதையையும் காட்டும். ஓர்ட்னன்ஸ் சேர்வே நிறுவனத்தின் 1:25,000 அளவுத்திட்ட வரைபடத்தில் இவை பச்சைக் கோடுகளாக இருக்கும். படலையைத் திறந்தால் மூடிவிட்டே போக வேண்டும்; கன்றுடன் நிற்கும் பசுக்களை விலகிச் சுற்றிப் போக வேண்டும். உகந்தையில் இருந்து காட்டுவழியே கதிர்காமத்துக்கு நடந்தவர்களுக்கு இந்தத் தூரம் ஒரு பொருட்டல்ல, ஆனால் மழைக்குப் பின் அந்தச் சேறு வழுக்கும். சேலையும் செருப்பும் அதற்கு ஒத்துவராது.

சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவதே நல்லது. கிராம மதுச்சாலைகளில் குடிக்காதவர்களும் உண்ணலாம் என்றாலும், பல இடங்களில் மதியச் சமையல் இரண்டரை மணியோடு முடிந்துவிடும்.

அடுத்த பயணங்களுக்கு, வில்ட்ஷயரில் உள்ள லேகொக் ஊரைச் சொல்லுவேன். 1835இல் ஹென்றி பொக்ஸ் டால்பட் யன்னல் ஒன்றைப் பிடித்த, இன்றும் எஞ்சியுள்ள மிகப் பழைய நெகற்றிவ் படம் அங்குள்ள பழைய கன்னியர் மடத்தில் எடுக்கப்பட்டது. பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சைக் கட்டணம் செலுத்திக் கயிற்றுக்கு வெளியே நின்று பார்ப்பதைவிட, கல்வட்டத்துக்குள்ளேயே ஊர் அமைந்திருக்கும் ஏவ்பரிக்குப் போய்க் கற்களைத் தொட்டுப் பார்ப்பது எனக்கு மேலாகப் படுகிறது. பைபரியின் ஆர்லிங்டன் வரிசை வீடுகள் அழகானவைதாம். ஆனால் கோடையில் அங்கு கூட்டம் தாங்காது. அவற்றில் ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்பதால் யன்னலுக்குள் எட்டிப் பார்ப்பதும் தகாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பல கிராமங்களுக்குப் பஸ் ஓடுவதில்லை. மற்ற நாட்களிலும் கடைசிப் பஸ் மாலையிலேயே போய்விடும் என்பதால், திரும்பும் நேரத்தை முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும். செப்டெம்பரில் அங்கு இருப்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு: அம்மாதத்தில் மரபுத் திறப்பு நாட்கள் என்ற பெயரில், வழக்கமாகப் பூட்டியிருக்கும் கட்டிடங்கள் பலவற்றை இலவசமாகத் திறந்துவிடுவார்கள். சிலவற்றுக்கு முன்பதிவு தேவைப்படும். ஆகஸ்ட் மாதத்திலேயே பிள்ளைகளிடம் சொல்லி இடம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.