வெர்திக்கியோ: வாங்கும் முறை, பரிமாறும் முறை

வெர்திக்கியோ என்பது அதே பெயருள்ள திராட்சையில் செய்யும் இத்தாலிய வெள்ளை ஒயின். அதை வாங்கப் போனால் ஒரே ஒயினில் இரண்டு பாட்டிலாக வாங்குங்கள். ஒன்றை இந்த வாரமே திறக்கலாம். இன்னொன்றை நாலைந்து வருடம் தொடாமல் வைத்திருங்கள். வெள்ளை ஒயினைப் போய் யாராவது எடுத்துவைப்பார்களா என்று கேட்பவர்கள் உண்டு. இந்தத் திராட்சையின் ஒயினை எடுத்துவைக்கலாம், வைக்கவும் வேண்டும்.

இத்தாலியின் அங்கோனா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் ஒயின் பரிமாறுவது என் வேலை. கப்பலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் சாப்பிட வருகிறவர்கள், "மீனுக்கு ஏதாவது வெள்ளை ஒயின், நன்றாக ஜில்லென்று" என்பார்கள். வெர்திக்கியோ இங்கே மார்க்கே மாநிலத்தின் சொந்தத் திராட்சை, மீனுக்கும் பொருந்தும், அதனால் அதையே கொடுப்பேன். ஆனால் ஐஸ் வாளியில் மட்டும் நெடுநேரம் விடமாட்டேன். அதற்குக் காரணம் பின்னால் வருகிறது.

முதலில் லேபிள். பெரிதாக இரண்டு பெயர்களைப் பார்ப்பீர்கள். 'வெர்திக்கியோ தெய் காஸ்தெல்லி தி யேசி' என்பது எசீனோ ஆற்றின் இரு பக்கமும் உள்ள குன்றுகளில் விளைவது. குப்ரமொந்தானா, ஸ்தாஃபோலோ, மொந்தெகரோத்தோ எல்லாம் அந்தப் பகுதி ஊர்கள். அதிகம் கிடைப்பது இதுதான். 'வெர்திக்கியோ தி மத்தேலிக்கா' உள்ளே மலைப் பக்கத்து ஒயின், கொஞ்சமாகத்தான் வரும். மத்தேலிக்காவுக்கு 1967-லும் யேசிக்கு 1968-லும் டி.ஓ.சி. அங்கீகாரம் கிடைத்தது. எந்தப் பகுதியில், எந்த விதிப்படி செய்த ஒயின் என்பதற்கு இத்தாலிய அரசு தரும் முத்திரை அது. இரண்டிலும் குறைந்தது 85 சதவீதம் வெர்திக்கியோ இருக்க வேண்டும் என்பது விதி. நல்ல தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் வேறெதையும் கலப்பதில்லை.

யேசி பாட்டிலில் 'கிளாசிக்கோ' என்றிருந்தால் பழைய, உள்வட்டாரத்துத் தோட்டங்களில் விளைந்தது. 'சுப்பீரியோரே' என்றும் சேர்ந்திருந்தால் பழம் இன்னும் நன்றாகப் பழுத்தது, ஆல்கஹால் குறைந்தது 12 சதவீதம். முதல் தடவை வாங்குகிறவர்களுக்கு நான் எடுத்துக் கொடுப்பது கிளாசிக்கோ சுப்பீரியோரேதான். அதற்கும் மேலே ரிசெர்வா. குறைந்தது 18 மாதம் வைத்திருந்த பிறகே விற்க வேண்டும். 2010 முதல் இரண்டு பகுதி ரிசெர்வாக்களும் டி.ஓ.சி.க்கும் ஒரு படி மேலான டி.ஓ.சி.ஜி. தரத்தில் இருக்கின்றன. யேசி ரிசெர்வாவைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு: அதில் பெயர் முன்பின்னாக மாறி 'காஸ்தெல்லி தி யேசி வெர்திக்கியோ ரிசெர்வா' என்று வரும். கழுத்தில் எண் அச்சிட்ட பட்டை இருக்கும்.

ஜாடி வடிவத்தில் இடுப்பு ஒடுங்கிய பச்சை பாட்டில் ஒன்று கண்ணில் படும். 1950-களில் வந்த வடிவம் அது. வெர்திக்கியோவை உலகம் முழுக்கக் கொண்டுபோனதே அந்த பாட்டில்தான். அழகுதான், ஆனால் உள்ளே இருக்கும் ஒயினைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. லேபிளைப் படியுங்கள்.

யேசியா மத்தேலிக்காவா என்று கேட்டால், என் மனம் மத்தேலிக்கா பக்கம்தான். மார்க்கேயின் மற்றப் பள்ளத்தாக்குகள் மேற்கிலிருந்து கிழக்காக ஓடி அட்ரியாட்டிக் கடலை நோக்கித் திறக்கும். மத்தேலிக்கா பள்ளத்தாக்கு மட்டும் வடக்கு தெற்காகக் கிடக்கிறது. நடுவில் மலை மறிப்பதால் கடல்காற்று எட்டாது. பகலில் நல்ல வெயில், இரவில் குளிர். அதனால் பழம் மெதுவாகப் பழுக்கும், புளிப்பும் குறையாமல் நிற்கும். ஒயின் வாயில் இறுக்கமாக, ஒல்லியாக இருக்கும். யேசி ஒயின் அதைவிடக் கொஞ்சம் சதைப்பிடிப்பானது, சீக்கிரம் பழகிவிடும். முடிந்தால் ஒரே வருடத்து பாட்டில்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

இப்போது குளிர். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் புளிப்பு மட்டும்தான் நாக்கில் தெரியும், வாசனை எழும்பாது. இளம் ஒயினுக்கு 8 முதல் 10 டிகிரி போதும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கால்மணி நேரம் வெளியே வையுங்கள். ரிசெர்வாவுக்கு 12, 13 டிகிரிகூடச் சரி. அரைமணி நேரம் முன்பே எடுத்துவிடுங்கள், வாய் அகலமான பெரிய கிளாஸில் ஊற்றுங்கள்.

ஊற்றியதும் வெளிச்சத்தில் பாருங்கள், இளம் வெர்திக்கியோவில் லேசான பச்சை ஓடும். பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், கொஞ்சம் சோம்பு வாசனை வரும். விழுங்கிய பிறகு அடிநாக்கில் பாதாம் பருப்பின் மெல்லிய கசப்பு நிற்க வேண்டும். புதிதாகக் குடிப்பவர்கள் இதைக் கெட்டுப்போன சுவை என்று நினைத்துவிடுவார்கள். அது இந்தத் திராட்சையின் அடையாளம். அது இல்லாத வெர்திக்கியோ எனக்குச் சப்பென்றிருக்கும்.

அந்தக் கசப்பும் புளிப்பும் இருப்பதால்தான் எண்ணெய் மிகுந்த உணவோடு இது நன்றாகச் சேர்கிறது. அங்கோனாவில் கருவாட்டு மீனை உருளைக்கிழங்கு, தக்காளி, நிறைய ஆலிவ் எண்ணெயோடு மணிக்கணக்கில் வேகவைக்கும் ஸ்தொக்கஃபீஸ்ஸோவுக்கு இதற்கு இணை கிடையாது. போர்த்தோநோவோ கடலில் எடுக்கும் மஸ்ஸல் சிப்பிக்கு இளம் யேசி போதும். ரிசெர்வாவை மீனோடு நிறுத்திவிடாதீர்கள். காட்டுச் சோம்பு வைத்துச் சுட்ட முயல்கறியோடு குடித்துப் பாருங்கள், ஒயினிலும் கறியிலும் ஒரே வாசனை.

சரி, எடுத்துவைத்த இரண்டாவது பாட்டில். வெளிச்சம் படாத, சூடு ஏறி இறங்காத இடத்தில், கார்க் காயாதபடி படுக்கவைக்க வேண்டும். சமையலறை அலமாரி வேண்டவே வேண்டாம். நல்ல கிளாசிக்கோ சுப்பீரியோரே ஐந்து வருடம் தாங்கும், நல்ல ரிசெர்வா பத்து வருடத்தையும் தாண்டும். நிறம் வைக்கோல் மஞ்சளிலிருந்து பொன்னுக்கு மாறும், தேனும் வறுத்த பருப்பும் மணக்கும், புளிப்பு மட்டும் அப்படியே நிற்கும். பெரிய பழைய ஓக் பீப்பாய்களில் வளரும் 'வில்லா புச்சி' என்ற யேசி ரிசெர்வா ஒன்று பழையதாகக் கிடைத்தால் விடாதீர்கள்.

திறந்த பாட்டிலில் மீதி இருந்தால் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். இளம் ஒயினை இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள். ரிசெர்வாவில் பல தடவை மறுநாள்தான் வாசனை இன்னும் நன்றாக எழும்பும், அதனால் அன்றே காலி செய்ய அவசரப்பட வேண்டாம்.