ஈரல் ரத்தக்குழாய் அடைப்பு: ஸ்கேனில் கட்டி என்று வந்தால்

ஈரலிலிருந்து ரத்தம் வெளியேறும் குழாய்கள் அடைபடுவது பட்-கியாரி நோய். இது இருப்பவர்களுக்கு வருடங்கள் போகப் போக ஈரலில் சிறு கட்டிகள் தெரிவது சகஜம். பெரும்பாலும் அது புற்று இல்லை. வெளியே போக வழியில்லாததால் குடலிலிருந்து ஈரலுக்கு வரும் ரத்தம் குறைகிறது. ஈடுகட்டத் தமனி ரத்தம் கூடுகிறது. ரத்தம் நன்றாகக் கிடைக்கிற இடத்தில் திசு பெருத்து முடிச்சாகிறது.

தொல்லை எங்கே என்றால், தமனி ரத்தம் நிறைந்த இந்த முடிச்சு, கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய ஊசியில் போடும் மருந்து) போட்டு எடுக்கும் சிடியில் முதல் கட்டத்திலேயே பளிச்சென்று தெரியும். ஈரல் புற்றும் அப்படித்தான் தெரியும். பிந்திய கட்டத்தில் மங்கினால் புற்று என்பது சிரோசிஸ்காரர்களுக்கான (ஈரல் தழும்பேறிச் சுருங்கியவர்களுக்கான) கணக்கு. பட்-கியாரியில் சாதாரண முடிச்சும் சில சமயம் மங்கும்.

அதனால் ஸ்கேன் சீட்டில் நோயின் பெயர் இருந்தே ஆக வேண்டும். 'லிவர் கட்டி?' என்று மட்டும் எழுதிய சீட்டோடு போனால், படம் பார்ப்பவர் சிரோசிஸ் கணக்கைப் போட்டுவிட வாய்ப்புண்டு. பட்-கியாரி, ஸ்டென்ட் (அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்த வருடம், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, மூன்றையும் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். கான்ட்ராஸ்ட் போடும் முன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள், அதற்கான கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டும் கையில் இருக்கட்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து சேலம், வேலூர், பெங்களூரு என்று எங்கே போனாலும் பழைய ஸ்கேனின் டிஸ்க்கை எடுத்துப் போங்கள். கட்டி வளர்ந்ததா என்பது ரிப்போர்ட் தாளில் தெரியாது; படத்தோடு படம் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பல முடிச்சுகள், ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள், உள்ளே ஒரே சீராக இருந்தால் ஆறுதல். எம்ஆர்ஐயில் ஈரல் செல் உறிஞ்சும் வகைக் கான்ட்ராஸ்ட் போட்டு, சுமார் 20 நிமிடம் கழித்து எடுத்த படத்திலும் முடிச்சு மருந்தைப் பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. ஒன்றிரண்டே இருந்து பெரிதாக இருப்பது, வளர்வது, ரத்தத்தில் ஏஎஃப்பி (ஈரல் புற்றில் கூடக்கூடிய ஒரு புரதம்) மில்லிலிட்டருக்கு 15 நானோகிராமைத் தாண்டி ஏறுவது, இவை சந்தேகம். அப்போது பயாப்ஸி (ஊசியால் துளி திசு எடுத்துச் சோதிப்பது) கேட்பார்கள். அதற்காக ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் வார்ஃபரினையோ அசிட்ரோமையோ நீங்களாக நிறுத்தாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். எப்போது நிறுத்துவது, இடையில் எந்த ஊசி என்பதை டாக்டர் சொல்லட்டும்.

சந்தேகம் இல்லாவிட்டாலும் 6 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டும் ஏஎஃப்பியும் வேண்டும். இந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் எண்) வழக்கமாக 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். கீரை மாத்திரையின் வேலையைக் குறைக்கும். களிக்குக் கீரைக் கடைசல் இல்லாமல் முடியாத வீடு என்றாலும் கீரையை விட வேண்டாம், வாரா வாரம் அளவு மாறாமல் இருந்தால் போதும். டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை, ஈரலுக்கு என்று விற்கும் பொடி, ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை மூன்றும் டாக்டரைக் கேட்காமல் கூடாது. மலம் கறுத்தாலோ வயிறு மளமளவென்று வீங்கினாலோ அடுத்த செக்கப் வரை காத்திராமல் அன்றே போய்விடுங்கள்.