ஏஜெண்டுக்கு ஒரு புத்தகம், வாடிக்கையாளருக்கு ஒரு புத்தகம்

சிவகாசியில் ஒரு சிறிய அச்சகத்தில் ஆர்டர் கணக்கு பார்க்கிறேன். ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியானதும் தலைக்கு மேல் வேலை வந்துவிடும். அந்த நெரிசலில்தான் ஏஜெண்டுகளுக்கு அனுப்ப வேண்டிய கழிவு (தள்ளுபடி) விலைப் பட்டியலை ஒரு நகைக்கடைக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். முகவரிக் கட்டத்தில் இரண்டு எழுத்து தட்டினேன், நான் பயன்படுத்தும் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருள் ஒரு பெயரை நீட்டியது, பார்க்காமல் என்டரைத் தட்டினேன். மறுநாள் காலையிலேயே அவர் போன் செய்தார். "எனக்கு மட்டும் ஏன் தம்பி இந்த விலை இல்லை?"

அன்று மாலையே முகவரிகளைத் தனித்தனி முகவரிப் புத்தகங்களாகப் பிரிக்க உட்கார்ந்தேன். நீங்களும் பிரிப்பதாக இருந்தால் முதலில் நகல் எடுங்கள். இழுத்துப் போடும்போது கை தவறுவது சகஜம்.

முகவரிப் புத்தகத்தைத் திறந்து, இடப்பக்கம் உள்ள புத்தகத்தின் பெயர்மேல் வலது கிளிக் செய்தால் 'எக்ஸ்போர்ட்' வரும். ஒரு தடவைக்கு ஒரு புத்தகம்தான் வெளியே வரும் என்பதை மறக்க வேண்டாம். 'கலெக்டட் அட்ரசஸ்' தனிப் புத்தகம். நாம் கடிதம் அனுப்பும் புது முகவரிகளெல்லாம் தாமாகவே போய்ச் சேரும் இடம் அது. அதையும் தனியாக எடுங்கள்.

எந்த வடிவத்தில் சேமிப்பது? பலரும் சிஎஸ்வியை (காற்புள்ளியால் பிரித்த எளிய பட்டியல்) தேர்ந்தெடுத்து, அதை எக்ஸெலில் திறந்து பார்த்து, அப்படியே சேமித்தும் விடுவார்கள். கெடுவது அங்கேதான். எங்கள் ஊர் எஸ்டிடி குறியீடான 04562 முன்னால் இருக்கும் பூஜ்யத்தை இழக்கும். 91 சேர்த்த பன்னிரண்டு இலக்கச் செல்பேசி எண் 9.19இ+11 என்று சுருங்கி நிற்கும். சிஎஸ்விதான் வேண்டுமென்றால் யுடிஎஃப்-8 என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடலாம். நான் எடுப்பது எல்டிஐஎஃப் என்ற இன்னொரு வடிவம். பல முகவரிகளை ஒரே பெயரில் சேர்த்து வைக்கும் குழுப் பட்டியல்களும் அதில் சேர்ந்து வரும், சிஎஸ்வியில் வராது. அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்ததும் பயந்துவிடாதீர்கள். தமிழ்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு முக்காற்புள்ளிகளும், அவற்றை அடுத்து '4கே6' என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் குவியலும் இருக்கும். முருகேசனும் அப்படித்தான் தொடங்குவார், செல்வியும் அப்படித்தான். குறியேற்றம் அது, திரும்ப இறக்கும்போது பெயர் சரியாக வந்துவிடும்.

இன்னொரு வழி, கோப்புகளையே நகலெடுப்பது. உதவி மெனுவின் 'டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' பக்கத்திலிருந்து, தண்டர்பேர்ட் நம் தரவுகளை வைத்திருக்கும் புரொஃபைல் கோப்புறையைத் திறந்துவிட்டு, தண்டர்பேர்டை மூடுங்கள். பிறகு 'ஏபுக்', 'ஹிஸ்டரி' என்று தொடங்கும் எஸ்கியூலைட் (sqlite) கோப்புகளைப் பென் டிரைவில் போடுங்கள். 2020இல் வந்த 78ஆம் பதிப்புக்கு முன் இவை 'எம்ஏபி' (mab) என்ற பின்னொட்டோடு இருந்தன. பழைய கணினியில் தேடுபவர்கள் அதைப் பாருங்கள்.

இனிப் பிரிப்பது. ஏஜெண்ட், வாடிக்கையாளர், காகிதம்–மை, வீடு என்று நான்கு புதிய புத்தகங்களை உருவாக்கினேன். பெயர்களை இழுத்துப் போட்டால் இடம் மாறும். கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி இழுத்தால் நகல் மட்டும் போகும், பழையதும் அங்கேயே கிடக்கும். கன்ட்ரோல் இல்லாமல் இழுப்பதுதான் சரி, இல்லாவிட்டால் ஒருவரே இரண்டு இடத்தில் உட்கார்ந்துகொண்டு மறுபடியும் குழப்புவார்.

இவ்வளவு செய்தும் ஒரு சங்கதி மிச்சம் இருந்தது. இரண்டு எழுத்து தட்டினால் தண்டர்பேர்ட் எல்லாப் புத்தகங்களிலும்தான் தேடுகிறது. அதனால் ஏஜெண்டுகளின் காட்சிப் பெயருக்கு முன்னால் 'ஏஜெ' என்று சேர்த்தேன். ஏஜெண்ட் புத்தகத்துக்குள் 'கழிவுவிலை' என்று ஒரு குழுப் பட்டியலும் போட்டேன். விலைப் பட்டியல் அனுப்பும்போது தனிப் பெயர் எதையும் தட்டுவதில்லை. குழுவின் பெயரை மட்டும் பிசிசி கட்டத்தில் போடுகிறேன். மதுரை ஏஜெண்டின் முகவரி திருநெல்வேலி ஏஜெண்டுக்குத் தெரிய வேண்டாமே.

குழுவை அழித்தால் அதில் உள்ளவர்கள் புத்தகத்தில் இருப்பார்கள். புத்தகத்தை அழித்தால் எல்லோரும் போய்விடுவார்கள். இரண்டும் ஒரே வரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருப்பதால் வலது கிளிக் செய்வதற்கு முன் பெயரைப் படித்துவிடுங்கள்.

அமைப்புகளில் 'கம்போசிஷன்' பகுதிக்குப் போய், வெளியே போகும் முகவரிகளைத் தானாகச் சேர்க்கும் கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட்டேன். கடைசியாக, எடுத்து வைத்த எல்டிஐஎஃப் கோப்பை 'சோதனை' என்ற புதிய புத்தகத்தில் இறக்கி, மூன்று தமிழ்ப் பெயர்களையும் இரண்டு தொலைபேசி எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தன. 'சோதனை'யை அழித்துவிட்டுப் பென் டிரைவை ரசீதுப் புத்தகங்கள் இருக்கும் இழுப்பறையில் வைத்தேன்.