டீச்சரும் தோழியும் கடற்கரைக்குப் போகும்போது: சிங்கப்பூரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊரிலிருந்து தோழி வருகிறாள், பள்ளிக்கும் லீவு, கடற்கரைக்குப் போய்விட்டு வரலாம் என்று சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஓர் ஆசிரியை முடிவு செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகாது. இந்தத் தீவில் எங்கிருந்து கிளம்பினாலும் கடல் பக்கம்தானே என்ற நினைப்பு. ஆனால் சொதப்பிய கடற்கரைப் பயணங்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தண்ணீருக்குப் போவதற்கு முன்பே சொதப்பியிருக்கும். திட்டம் போட்டது ஒருவர், போனது இரண்டு பேர். இருவருக்கும் லீவு வேறு, பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரை வேறு, கைப்பணம் வேறு, கடல் என்றதும் மனத்தில் வரும் படமும் வேறு. தவறுகள் எல்லாம் அந்த இடைவெளியில்தான் நடக்கின்றன.

நாள் குறிப்பதிலிருந்தே தொடங்கலாம். அலுவலகத்தில் இருப்பவர் நினைத்த வாரம் லீவு போடலாம். ஆசிரியருக்கு அது கிடையாது. மார்ச்சில் ஒரு வாரம், ஜூனில் நான்கு வாரம், செப்டம்பரில் ஒரு வாரம், ஆண்டு முடிவில் ஆறு வாரம், அவ்வளவுதான். அதே நாள்களில்தான் பிள்ளை குட்டி உள்ள எல்லாக் குடும்பமும் கிளம்பும். மலேசியாவுக்குப் போகும் உட்லண்ட்ஸ் பாலத்தில் வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கும், இந்தோனேசியாவின் பிந்தான் தீவுக்குப் போகும் படகில் இடம் இருக்காது, விடுதிக் கட்டணம் ஏறியிருக்கும். அது போக, மாணவர்களுக்கான லீவு முழுவதும் ஆசிரியருக்கும் லீவு என்று நினைத்துத் தோழியிடம் தேதி சொல்லிவிடுவது இன்னொரு தவறு. ஜூன் விடுமுறையின் தொடக்கத்தில் கூடுதல் வகுப்பு, கடைசியில் கூட்டம், நடுவில் ஏதாவது பயிற்சி என்று வந்து நிற்கும். பள்ளியில் தேதி உறுதியாகும் முன் விமான டிக்கெட் எடுக்கச் சொல்லாதீர்கள்.

பலர் கண்டுகொள்ளாத சில நாள்கள் இருக்கின்றன. செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை ஆசிரியர் தினம். பள்ளிகளுக்கு விடுமுறை, அலுவலகங்களுக்கு இல்லை. ஜூலையில் இளையர் தினத்துக்கான திங்கட்கிழமையும் அப்படித்தான். தொடக்கப்பள்ளி ஆசிரியர் என்றால் அக்டோபர் முதல் வெள்ளி, சிறுவர் தினம், கூடுதலாகக் கிடைக்கும். பொது விடுமுறை இல்லை என்பதால் இந்த நாள்களில் கூட்டம் கொஞ்சம் குறைவு. தோழி இங்கேயே அலுவலகத்தில் வேலை பார்ப்பவள் என்றால் அவள் ஒரு நாள் லீவு எடுத்தால் போதும், வார இறுதியோடு சேர்த்து மூன்று நாள்.

நாளைவிடப் பெரிய பொறி பருவம். ஆசிரியருக்கு நீண்ட விடுமுறை கிடைப்பது நவம்பர், டிசம்பரில். வடகிழக்குப் பருவமழை மலாய்த் தீபகற்பத்தின் கிழக்குக் கரையைப் புரட்டி எடுப்பதும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான். படங்களில் பளிங்கு மாதிரித் தெரியும் தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளில் அப்போது பல விடுதிகள் மூடிக் கிடக்கும், படகுகள் குறைந்துவிடும் அல்லது நின்றேவிடும். அதே கிழக்குக் கரையில் உள்ள தெசாரு பக்கம் விடுதி திறந்திருக்கும், அறை வாடகை மலிவாகவும் இருக்கலாம். ஆனால் அலை முரட்டுத்தனமாக வரும், காலை நனைப்பதோடு சரி. டிசம்பரில் மலிவாக ஒரு கிழக்குக் கரை விடுதி கண்ணில் பட்டால், ஏன் மலிவு என்று கேளுங்கள்.

ஆண்டு முடிவில் போவதாக இருந்தால் மேற்குப் பக்கம் பாருங்கள். மலேசியாவின் லங்காவி, தாய்லாந்தின் புக்கெட், கிராபி எல்லாம் அப்போது நல்ல பருவத்தில் இருக்கும். ஜூனில் கதை தலைகீழ். கிழக்குத் தீவுகள் அமைதியாக இருக்கும், அந்தமான் கடல் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று அலையைக் கிளப்பும், புக்கெட்டின் மேற்குக் கரையில் குளிக்கக் கூடாது என்ற சிவப்புக் கொடிகள் ஏறும். செப்டம்பர் ஒரு வார விடுமுறையில் இன்னொரு சந்தேகம் உண்டு. சுமத்ராவில் காடு எரிந்தால் புகைமூட்டம் இங்கே வரை வரும். எல்லா வருடமும் வராது, ஆனால் பணம் திரும்பக் கிடைக்காத அறையை இரண்டு மாதம் முன்பே எடுக்கும் மாதம் அது இல்லை.

வெளியூர் வேண்டாம், சிங்கப்பூருக்குள்ளேயே போதும் என்றாலும் மழை வானிலை பார்க்காமல் கிளம்பக் கூடாது. இங்கே மழையைவிட மின்னல்தான் பயப்பட வேண்டியது. ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் பிற்பகலில் இடி இறங்கும். ஜூன், ஜூலையில் விடியற்காலையிலோ முற்பகலிலோ சுமத்ரா பக்கமிருந்து திடீர்ப் புயல்காற்று அடித்துவிட்டுப் போகும். வானம் இருண்டதும் மரத்தடியில் ஒதுங்குவது ஊர்ப் பழக்கம். மின்னலில் அதுவே ஆபத்து. கட்டடத்துக்குள் போங்கள், இடி நின்ற பிறகு வாருங்கள்.

வெயில் விஷயத்தில் தோழியின் கணக்கு கண்டிப்பாகத் தவறும். சிங்கப்பூர்க் கடிகாரம் சூரியனுக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. விடிவது ஏழு மணி வாக்கில், பொழுது சாய்வதும் ஏழு மணி வாக்கில். நண்பகல் உச்சி வெயில் என்பது இங்கே ஒரு மணிக்குத்தான். 'நாலு மணிக்குப் போனால் வெயில் தாழ்ந்துவிடும்' என்பது சென்னைக்குச் சரி. இங்கே ஐந்துக்குக் கிளம்பினாலும் இரண்டு மணி நேரம் வெளிச்சம் மிச்சம் இருக்கும். அப்புறம், நம் நிறத்துக்கு சன்ஸ்கிரீன் எதற்கு என்ற பேச்சு. பூமத்திய ரேகையிலிருந்து ஒரு பாகை சொச்சம் தள்ளி இருக்கும் ஊர் இது, மேகம் மூடியிருந்தாலும் புற ஊதாக் கதிர் இறங்கும். மறுநாள் தோளில் துண்டு பட்டாலே எரியும்போதுதான் நம்புவார்கள்.

இனி, தோழி மனத்தில் இருக்கும் கடல். மெரினாவையோ திருச்செந்தூரையோ பார்த்து வளர்ந்தவளை ஈஸ்ட் கோஸ்ட்டில் கொண்டுபோய் நிறுத்தினால், "ஏண்டி, அலையே இல்லையே, இது கடலா, ஏரியா?" என்பாள். அவள் சொல்வதில் தப்பு இல்லை. ஒரு பக்கம் மலேசியா, இன்னொரு பக்கம் இந்தோனேசியத் தீவுகள், நடுவில் குறுகிய நீரிணை. பெரிய அலை உள்ளே வர வழியில்லை. தொடுவானம் முழுக்க நங்கூரம் போட்ட கப்பல்கள். ஈஸ்ட் கோஸ்ட்டின் மணலே 1960களின் நடுவில் தொடங்கிக் கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலத்தில் இருப்பதுதான். அலைக்காகப் போகாமல், சைக்கிளுக்கும் காற்றுக்கும் சாப்பாட்டுக்கும் என்று போனால் அருமையான இடம். எதற்காகப் போகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் ஏமாற்றம் இருக்காது. நீல நிறத் தண்ணீர், புகைப்படம் என்றால் லாசரஸ் தீவு. கூட்டமும் கலகலப்பும் என்றால் செந்தோசாவின் சிலோசோ, கொஞ்சம் அமைதி வேண்டுமென்றால் அதே தீவின் தஞ்சோங் பக்கம். கடற்பாசியும் நண்டும் பார்க்க என்றால் நீர் வற்றும் நேரம் பார்த்து சாங்கியோ புலாவ் உபினோ.

'ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் பார்ப்போம்' என்று மட்டும் சொல்லிவிட்டு வைப்பது சின்னத் தவறுதான், ஆனால் ஒரு மாலையையே தின்றுவிடும். பூங்கா ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நீளம். ஏ முதல் எச் வரை பிரித்து வைத்திருக்கிறார்கள், வாகன நிறுத்துமிடங்களுக்கும் அந்த எழுத்துதான். எழுத்தைச் சொல்லுங்கள். 2024 ஜூனில் மரின் பரேட், மரின் டெரஸ், சிக்லாப், பேஷோர் எம்ஆர்டி ரயில் நிலையங்கள் திறந்த பிறகு பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. விரைவுச்சாலைக்குக் கீழே உள்ள சுரங்கப்பாதை வழியாக நடந்தே போய்விடலாம்.

லாசரஸ் தீவுக்கு மரினா சவுத் பியரிலிருந்து படகு. அங்கே நம்பிப் போகும்படி சாப்பாட்டுக் கடைகள் கிடையாது, நிழலும் குறைவு. தேக்கா சந்தையில் புளியோதரைப் பொட்டலம் இரண்டும் தண்ணீர் பாட்டில்களும் வாங்கிக்கொண்டு ஏறுங்கள். தோழி சைவம் என்றால் இது யோசனை இல்லை, கட்டாயம். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று போகும்போதே கேட்டுவிடுங்கள். வார நாள் நேரமும் வார இறுதி நேரமும் ஒன்று இல்லை.

அலை இல்லாததால் ஆபத்தும் இல்லை என்று நினைப்பதுதான் தண்ணீருக்குள் நடக்கும் தவறு. மேலே அமைதியாக இருக்கும்போதே அடியில் நீரோட்டம் இழுக்கும். எல்லாக் கடற்கரையிலும் உயிர்காப்பாளர் இருப்பார் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. சுடிதாரும் துப்பட்டாவுமாக இடுப்பளவு தண்ணீரில் நிற்பது நம்மவர்களிடம் சகஜம். பருத்தித் துப்பட்டா நனைந்தால் கனம் ஏறிக் காலைச் சுற்றும், எழுந்து நிற்கவே தடுமாறும். உடம்பை மூடியபடி குளிக்க வேண்டுமென்றால் நீளக் கை நீச்சல் சட்டையும் லெக்கிங்ஸும் கடைகளில் கிடைக்கின்றன. கடற்கரையில் ஒட்டியிருக்கும் அறிவிப்பையும் படியுங்கள். சொறிமீன், அதாவது ஜெல்லிமீன், எச்சரிக்கை சில சமயம் போடுவார்கள். பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது, குழாய்த் தண்ணீர் ஊற்றவும் கூடாது. பெட்டிச் சொறிமீன் என்றால் வினிகர் ஊற்றுவார்கள். மூச்சுத் திணறினால் ஆம்புலன்ஸுக்கு 995. 2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங்கில் கப்பல் மோதி எண்ணெய் கசிந்தபோது செந்தோசா, ஈஸ்ட் கோஸ்ட் இரண்டிலும் குளிக்கத் தடை போட்டார்கள். பள்ளிகளுக்கு அப்போது ஜூன் விடுமுறை. கிளம்பும் முன் ஒரு முறை செய்தி பார்ப்பது வீண் வேலை இல்லை.

பிந்தானுக்குப் போகலாம் என்று முடிவு செய்தால்தான் ஆவணத் தவறுகள் வரிசை கட்டும். உங்களுக்குப் பொருந்தும் விதி தோழிக்கும் பொருந்தும் என்ற நினைப்பே எல்லாவற்றுக்கும் மூலம். அவள் சிங்கப்பூருக்கு வந்த விசாவை எடுத்துப் பாருங்கள். ஒரு முறை மட்டும் நுழைய அனுமதிப்பதாக இருந்தால், பிந்தானில் கால் வைத்த நிமிடமே அவளுக்குத் திரும்பும் வழி அடைபட்டுவிடும். அவள் பெட்டி உங்கள் வீட்டில், ஊருக்குப் போகும் விமானம் சாங்கியிலிருந்து, அவள் மட்டும் அக்கரையில். பல முறை நுழையும் விசாவா என்பதைப் படகு டிக்கெட்டுக்கு முன் பார்க்க வேண்டும். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், இருவருக்கும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இந்தோனேசியாவில் வந்திறங்கியதும் விசா கிடைக்கும், கட்டணம் 500,000 ரூப்பியா. இரண்டு நாள் பயணத்துக்கு அது சிறு தொகை இல்லை, செலவுக் கணக்கில் சேருங்கள். நீங்கள் நிரந்தரவாசி என்றால் மறுநுழைவு அனுமதி காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

தானா மேரா படகு முனையத்துக்குப் போக தானா மேரா எம்ஆர்டியில் இறங்கினால் போதும் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெயர்தான் ஒன்று, இடம் வேறு. அங்கிருந்து பஸ்ஸோ டாக்சியோ பிடிக்க வேண்டும். பிந்தானுக்குப் பக்கத்துத் தீவான பாத்தாமுக்கு ஹார்பர்ஃபிரண்ட்டிலிருந்தும் படகு உண்டு என்பதால் எந்த முனையம் என்பதை டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பிந்தானில் நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்னால். திரும்பும் படகின் நேரம் அந்த ஊர்க் கணக்கில் இருக்கும். கைபேசி எந்த நாட்டு அலைவரிசையைப் பிடித்திருக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும், அதை மட்டும் நம்ப வேண்டாம். சாங்கி, உபின் பக்கம் போனாலே மலேசிய நெட்வொர்க் வந்து ஒட்டிக்கொள்ளும், ரோமிங்கை அணைத்து வைப்பது நல்லது.

பணத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால்தான் மனத்தாங்கல் வருகிறது. நீங்கள் சம்பாதிப்பது சிங்கப்பூர் வெள்ளியில், அதாவது டாலரில். அவள் ஒவ்வொரு விலையையும் அறுபது எழுபதால் பெருக்கிப் பார்த்துக்கொண்டே வருவாள். நீங்கள் சாதாரணமாக எடுத்த ஓர் இளநீர் அவளுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. விடுதியை நீங்களாகத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பாதிப் பணம் கேட்பது நியாயம் இல்லை. எல்லாவற்றையும் நீங்களே கட்டி அவளைச் சங்கடப்படுத்துவதும் நியாயம் இல்லை. தங்குவதும் படகும் உங்கள் செலவு, சாப்பாடு அவள் செலவு என்பது போல முன்பே பிரித்துக்கொண்டால் நிம்மதி. செலவு குறைய வழியும் உண்டு. செந்தோசாவுக்கு ரயிலில் போனால் உள்ளே நுழையக் கட்டணம், நடைபாதை வழியாக நடந்தால் எதுவும் இல்லை.

ஆசிரியருக்கு மட்டுமே உரிய ஒரு விஷயமும் இருக்கிறது. சின்ன ஊர் இது. எந்தக் கடற்கரையிலும் சைக்கிளில் ஒரு பையன் "டீச்சர்!" என்று கத்திக்கொண்டு போவான், பின்னாலேயே அவன் அம்மா வந்து தேர்வைப் பற்றி விசாரிப்பார். இரண்டு வார்த்தை பேசிவிட்டு நகருங்கள், பெற்றோர் சந்திப்பு நடத்தாதீர்கள். தோழி எடுக்கும் படங்களை எல்லோரும் பார்க்கும்படி போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். இரவு 10.30க்கு மேல் காலை 7 வரை பொது இடத்தில் மது அருந்தக் கூடாது என்பது 2015 முதல் சட்டம். விடைத்தாள்களைப் பையில் எடுத்துப் போகிறவர்களுக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. திருத்தவும் மாட்டீர்கள், நிம்மதியாக இருக்கவும் மாட்டீர்கள்.

திரும்பும்போது மின்சிகரெட் எதையும் யாருக்காகவும் கொண்டு வராதீர்கள், சிங்கப்பூரில் வைத்திருந்தாலே குற்றம். சிகரெட்டுக்கு வரிவிலக்கே கிடையாது. சிங்கப்பூர் வருகை அட்டையை, வந்து சேர்வதற்கு முன் மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். படகில் வந்தால் நீங்களும் நிரப்ப வேண்டும், அவளும் நிரப்ப வேண்டும். மலேசியாவின் ஜோகூரிலிருந்து தரைவழியாக வந்தால் இங்கு வசிப்பவரான உங்களுக்கு அது தேவையில்லை, அவளுக்குத் தேவை. கட்டணம் இல்லாத அட்டை அது. பணம் கேட்கும் இணையதளம் எதுவாக இருந்தாலும் மூடிவிட்டு, குடிநுழைவு ஆணையத்தின் தளத்துக்குப் போங்கள்.