உறவுக் குழந்தையை வளர்க்கிறீர்களா? தத்தா, கார்டியனா என்று முடிவெடுப்பது எப்படி

பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தையை வீட்டுக்கு அழைத்து வந்ததுமே சுற்றம் சொல்வது, "ஒரு பத்திரம் எழுதித் தத்தெடுத்துக்கோ." என் அக்கா மகள் என்னிடம் வந்தபோதும் அதைத்தான் சொன்னார்கள். நான் தத்தெடுக்கவில்லை. நீதிமன்றம் மூலம் அவளுக்குக் கார்டியன், அதாவது சட்டப்படியான பாதுகாவலர், ஆனேன்.

தத்தெடுத்தால் சட்டப்படி அவள் என் மகள். என் சொத்தில் வாரிசாவாள், பிறந்த குடும்பத்தோடு இருந்த சட்ட உறவு அறுந்துவிடும். முறையாக நடந்த தத்தை நினைத்தபோது ரத்து செய்யவும் முடியாது. கார்டியன் என்றால் அவள் அக்கா மகளாகவே இருப்பாள். 18 வயதுவரை பள்ளியிலும் மருத்துவமனையிலும் வங்கியிலும் நான் கையெழுத்துப் போடலாம். என் சொத்து தானாக அவளுக்குப் போகாது, அதற்கு உயில் எழுத வேண்டும். அம்மா அப்பாவை நன்றாக நினைவிருக்கிற பெண் அவள். பள்ளிச் சான்றிதழில் அவர்கள் பெயர் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். கைக்குழந்தையாக இருந்திருந்தால் தத்தையே தேர்ந்திருப்பேன்.

கார்டியன் ஆக, 1890ஆம் ஆண்டின் கார்டியன் சட்டப்படி குழந்தை வசிக்கும் ஊருக்கான நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். இந்த மனுவை வக்கீல்கள் ஆங்கிலச் சுருக்கத்தில் ஜி.டபிள்யூ.ஓ.பி. என்பார்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் இறப்புச் சான்றிதழ்கள், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் எடுத்து வையுங்கள். மனுவில் நெருங்கிய உறவினர்களின் பெயரும் முகவரியும் கேட்பார்கள், அவர்களுக்கு நோட்டீஸும் போகும். அதனால் அப்பா வழித் தாத்தா பாட்டியிடம் முன்கூட்டியே நேரில் போய்ப் பேசுங்கள். நோட்டீஸைப் பார்த்துத்தான் அவர்களுக்கு விஷயம் தெரியவந்தால் மனம் முறிந்துவிடும். பேத்தியை இழந்துவிடுவோமோ என்ற பயம் அவர்களுக்கும் உண்டு.

இன்னொன்று, குழந்தையின் பெயரில் வீடோ நிலமோ இருந்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது, ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கும் விட முடியாது. இந்தக் கட்டுப்பாடு நல்லதுதான். அது அவள் சொத்து.

சரி, தத்துதான் வேண்டும் என்றால் இரண்டு வழி. இந்து, பௌத்த, சமண, சீக்கியக் குடும்பங்களுக்கு 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம். பொதுவாகக் குழந்தைக்கு 15 வயது முடிந்திருக்கக் கூடாது. உங்களுக்கு ஏற்கெனவே மகள் இருந்தால் இந்தச் சட்டத்தில் இன்னொரு பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. மகனுக்கும் இப்படியே. பெற்றோர் இருவரும் இல்லாத குழந்தைக்கு வெறும் பத்திரம் போதாது. கார்டியன்தான் தத்துக் கொடுக்க முடியும், அதுவும் நீதிமன்ற அனுமதியோடு. முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி முத்திரை குத்தினால் அது தத்து ஆகாது.

இரண்டாவது, 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். எந்த மதத்தவருக்கும் பொருந்தும். தாத்தா, பாட்டி, மாமா, சித்தி, பெரியப்பா, அத்தை போன்றோர் உறவுமுறைத் தத்துக்கு மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பான 'காரா'வின் இணையதளத்தில் பதிவு செய்யலாம். பெற்றோர் இல்லாத குழந்தைக்குக் குழந்தைகள் நலக் குழுவின் அனுமதி வேண்டும். உத்தரவு பிறப்பிப்பவர் இப்போது நீதிபதி அல்ல, மாவட்ட ஆட்சியர். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரித்தால் வழி சொல்வார்கள். குழந்தைக்கு ஐந்து வயது ஆகியிருந்தால் அதன் சம்மதமும் கட்டாயம். மனுப் போடும் முன்பே அதனிடம் பொறுமையாகப் பேசிக் கேளுங்கள்.