மாடு நாளைக்கும் அங்கேதான் படுக்கும்: வீட்டை எண்ணெய் வண்ணத்தில் வரைய

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்தை ஒட்டிய டவுனில் இருந்துகொண்டு வரைய ஆசைப்படுகிறவர்கள் முதலில் கை வைப்பது சூரிய அஸ்தமனத்திலும் வரிசையாக நிற்கும் பால்மரத்திலும்தான் (ரப்பர் மரம்). வரையட்டும், தப்பில்லை. வீட்டுப் பின்வாசலில் நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டிருக்கும் அம்மாவும் தகரக் கொட்டகையில் அசைபோட்டுப் படுத்திருக்கும் மாடும் எனக்கு அதைவிட நல்ல படங்களாகத் தெரிகின்றன. எண்ணெய் வண்ணம் மெதுவாகக் காய்வதால் இதற்கு ரொம்பவே தோது. மாடு எழுந்து போனால் போகட்டும், நாளைக்கு அதே நேரத்துக்கு அதே இடத்தில் படுக்கும், பலகையில் வண்ணமும் ஈரமாகவே இருக்கும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

முதலில் சாமான். கேன்வாஸ் கட்டாயமில்லை, ஹார்ட்வேர் கடையில் மெல்லிய பிளைவுட் வாங்கி அளவாக அறுத்து, ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சை இரண்டு மூன்று தடவை பூசி, நடுவில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டால் போதும். பின்பக்கமும் ஒரு பூச்சு பூசுங்கள், நம் ஊர் ஈரத்தில் பலகை வளையும், பூஞ்சையும் பிடிக்கும். வண்ணத்தில் டைட்டானியம் வெள்ளை, எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), அல்ட்ராமரின் நீலம், ஒரு நல்ல சிவப்பு, ஒரு எலுமிச்சை மஞ்சள், அவ்வளவுதான். பச்சை டியூப் வாங்காதீர்கள். செம்பனை ஓலையின் மங்கிய பச்சைக்கு அல்ட்ராமரினும் ஓக்கரும் சேர்ந்தால் போதும், வெயில் படும் புல்லுக்கு ஓக்கருக்குப் பதில் எலுமிச்சை மஞ்சள். டியூப்பில் வரும் பச்சையை அப்படியே அடித்தால் தோட்டம் பிளாஸ்டிக் பூச்சட்டி மாதிரி ஆகிவிடும்.

சுற்றிலும் செம்பனையாக இருப்பதால் சமையல் எண்ணெயிலேயே வண்ணத்தைக் கலக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடவே கூடாது. எண்ணெய் வண்ணத்தில் சேரும் ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகிக் கெட்டியாகும். செம்பனை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் அப்படி இறுகாது, வருஷக்கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டே கிடக்கும். ஆனால் பிரஷ் கழுவ அது அருமையான பொருள்: வண்ணத்தைத் துணியில் துடைத்துவிட்டு, சமையல் எண்ணெயில் முக்கிப் பிழிந்து, அப்புறம் சோப்புப் போட்டு எண்ணெய் முழுக்கப் போகும்வரை அலசுங்கள். வண்ணத்தைக் கரைக்கும் டர்பெண்டைனின் நாற்றம் வீட்டுக்குள் சுற்றுவது பாதி குறையும். அந்த டர்பெண்டைனைக் குடிதண்ணீர் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள், வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள். ஆளிவிதை எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், இது கட்டுக்கதை இல்லை. வெளியே கொடியில் விரித்துக் காயப் போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்றிய தகர டின்னில் மூடி வையுங்கள்.

காலை எட்டிலிருந்து பத்து வரைதான் நல்ல வெளிச்சம். உச்சி வெயிலில் நிழல் காலடியில் விழும், கண் குழிக்குள் போய்விடும், முகம் முகமாக இருக்காது. பிற்பகலில் பாதி நாள் மழை வேறு.

ஆளை உட்கார வைத்து "அசையாதே" என்று சொன்னால் பாஸ்போர்ட் படம்தான் கிடைக்கும். உட்கார்ந்து செய்கிற வேலையில் இருப்பவரை வரையுங்கள்: நெத்திலி கிள்ளுவது, கீரை ஆய்வது, பேத்திக்குத் தலை பின்னுவது. கை ஆடினாலும் தோளும் முதுகும் தலைச் சாய்வும் அரை மணி நேரம் அப்படியே இருக்கும், சாயல் பாதி அங்கேதான் இருக்கிறது. கைப்பேசிப் படத்தை மாட்டின் கால் எப்படி மடிகிறது என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், நிறத்துக்கு நம்பாதீர்கள். அது நிழலைக் கறுப்பாக்கும், வானத்தை வெள்ளையாக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். முதல் நாள் அம்பரை டர்பெண்டைனில் நீர்க்கக் கரைத்துப் பலகை முழுக்கத் தேய்த்து, இருட்டான இடங்களைப் பெரிது பெரிதாகப் போட்டு, வெளிச்சம் வேண்டிய இடத்தைத் துணியால் துடைத்து எடுங்கள். வெள்ளையைத் தொடவே வேண்டாம். அம்பரில் மாங்கனீசு இருப்பதால் சீக்கிரம் காயும், மெல்லிய பூச்சாக இருந்தால் ஓரிரு நாளில் மேலே வேலை செய்யலாம். அடுத்து, எண்ணெய் சேர்க்காமல் டியூப் வண்ணத்தை வைத்தே சுவர், புடவை, மாட்டின் உடம்பு என்று பெரிய நிறங்களை நிரப்புங்கள். அதற்கும் மேலே வருகிற அடுக்குகளில்தான் ஆளிவிதை எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகக் கூட்ட வேண்டும். அடியில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போக அதிகம். இதைத் தலைகீழாகச் செய்தால் மேல் அடுக்கு முதலில் இறுகி, அடியில் இருப்பது பின்னால் அசையும்போது வெடிப்பு விழும்.

நம் தோல் நிறத்துக்குக் கறுப்பு டியூப் எதற்கு? பர்ன்ட் சியன்னாவில் ஆரம்பித்து, நிழலுக்கு அல்ட்ராமரினும் கொஞ்சம் சிவப்பும், வெளிச்சத்துக்கு ஓக்கரும் சேருங்கள். நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் விழும் மினுமினுப்பைப் பார்த்தால் அதில் வானத்தின் நீலம் தெரியும், அங்கே வெள்ளையில் துளி நீலம். வெறும் வெள்ளை வைத்தால் பவுடர் பூசியது போல் நிற்கும். டச்சு ஓவியர் வான்கோ 1885-இல் விளக்கடியில் உருளைக்கிழங்கு சாப்பிடும் குடியானவக் குடும்பத்தை வரைந்தபோது முகங்களுக்கு மண் நிறத்தையே தேடிப் போனார். அழகாகக் காட்ட வேண்டும் என்ற கவலையே அதில் இல்லை. அந்தப் படத்தை ஒருமுறை தேடிப் பாருங்கள்.

மாட்டுக்கு இடுப்பெலும்பு, தோள், முதுகுக் கோடு மூன்றையும் முதலில் பிடியுங்கள், கொம்பு கடைசியில் வரட்டும். வெள்ளை மாடு எங்குமே வெள்ளையாக இருக்காது: செம்பனை நிழலில் நீலச் சாம்பல், வயிற்றடியில் புல்லின் பச்சை, முதுகில் வெயில் விழும் ஒரே திட்டில்தான் சுத்த வெள்ளை. கம்பத்துக் கோழி (நாட்டுக்கோழி) ஒரு நிமிஷம் நிற்காது என்பதால் ஒரே தாளில் நாலைந்து நிலைகளைப் பென்சிலில் தொடங்கி வைத்து, அது எந்த நிலைக்குத் திரும்பினாலும் அந்தக் கிறுக்கலைத் தொடருங்கள். இறகை எண்ணி எண்ணி வரைய வேண்டாம். உடம்பை ஒரே நிறமாகப் போட்டு ஈரத்திலேயே நாலு தொடல், கொண்டைக்குச் சிவப்பு, முடிந்தது. நாய்க்கும் அதேதான், ரோமம் ஓடும் பக்கமே பிரஷ் ஓடட்டும்.

முடித்த படத்தைப் பத்திரமாக அலமாரியில் பூட்டினால் எண்ணெய் இருட்டில் மஞ்சளிக்கும். அப்படி ஆகிவிட்டால் நேர் வெயில் படாத, வெளிச்சமான இடத்தில் கொஞ்ச நாள் வைத்தால் மஞ்சள் பெரும்பாலும் இறங்கும். வார்னிஷுக்கு அவசரமில்லை, ஆறு மாதமாவது போகட்டும், தடித்த பூச்சென்றால் ஒரு வருஷம். மாட்டும்போது அடுப்பங்கரைச் சுவரும் சாமி மேடைப் பக்கமும் வேண்டாம், சூடமும் விளக்கும் விடும் கரி படிந்துவிடும். சட்டத்தின் பின் மூலைகளில் சின்னக் கட்டை ஒட்டிச் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றுப் போக வழி விடுங்கள்.