வீட்டை விற்று அதே வீட்டில் வாடகைக்கு இருப்பது: பிரிட்டனில் கையெழுத்துப் போடும் முன் செய்ய வேண்டியவை

மோர்ட்கேஜ் (வீட்டை ஈடாக வைத்து வாங்கிய கடன்) தவணை இரண்டு மூன்று மாதம் தவறியவர்களைத் தேடி ஒரு யோசனை வரும். "வீட்டை எங்களுக்கு விற்றுவிடுங்கள், கடன் முழுவதும் தீர்ந்துவிடும். நீங்கள் வெளியே போக வேண்டாம், வாடகை கட்டி அங்கேயே இருங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் மாற வேண்டாம், அக்கம்பக்கத்துக்கும் தெரியாது." தூக்கமில்லாமல் கிடப்பவருக்கு இது கடவுளே அனுப்பிய உதவி மாதிரி இருக்கும். ஆனால் வாங்குபவருக்கு லாபம் தருவது உங்கள் அவசரம்தான். அந்த அவசரத்தைக் குறைத்துக்கொண்டால் வேறு வழிகள் கண்ணுக்குத் தெரியும். அதனால் கீழே உள்ளவற்றை இதே வரிசையில் செய்யுங்கள். இங்கே சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ் நடைமுறை. ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு.

படி 1: உண்மையில் எவ்வளவு நாள் இருக்கிறது என்று பாருங்கள்

லெண்டரின் (கடன் கொடுத்த வங்கி அல்லது நிறுவனம்) கடிதத்தில் "நீதிமன்றம்" என்ற சொல்லைப் பார்த்ததும் அடுத்த வாரமே பூட்டை மாற்றிவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடக்காது. 2023 ஜூனில் லெண்டர்கள் அரசோடு செய்துகொண்ட உடன்பாடான மோர்ட்கேஜ் சாசனத்தைப் பெரும்பாலான பெரிய லெண்டர்கள் ஏற்றிருக்கிறார்கள். அதன்படி, விதிவிலக்கான சூழல் தவிர, முதல் தவணை தவறி 12 மாதம் ஆகும் முன் உங்கள் சம்மதம் இல்லாமல் வீட்டை எடுக்கக் கூடாது. உங்கள் லெண்டர் அதில் கையெழுத்திட்டிருக்கிறாரா என்று கேளுங்கள்.

வழக்குப் போட்டாலும் விசாரணைக்கு வழக்கமாக நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். தீர்ப்பு எதிராக வந்தாலும் காலி செய்யப் பொதுவாக 28 நாள் தருவார்கள். அதற்குப் பிறகும் பெய்லிஃப் (வீட்டைக் காலி செய்ய வைக்கும் நீதிமன்ற அதிகாரி) வருவதற்கு முன்கூட்டியே நோட்டீஸ் வர வேண்டும். எந்தக் கடிதம் எந்தத் தேதியில் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பின்னால் ஒவ்வொரு இடத்திலும் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

படி 2: லெண்டரிடமும் இலவச ஆலோசகரிடமும் பேசுங்கள்

லெண்டரின் போனை எடுக்கப் பயமாக இருந்தால், முதலில் ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன், ஷெல்ட்டர், சிட்டிசன்ஸ் அட்வைஸ் ஆகியவற்றில் ஒன்றை அழையுங்கள். நான்குமே பணம் வாங்காதவை. ஆங்கிலம் சிரமமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேளுங்கள். பிள்ளைகளை நடுவில் வைத்துப் பேச வேண்டாம். அவர்கள் மேல் அந்தப் பாரத்தை ஏற்றுவது சரியில்லை.

பேசும்போது மாத வரவு செலவைக் கையில் வைத்துக்கொண்டு இவற்றைக் கேளுங்கள்:

- கொஞ்ச காலம் வட்டி மட்டும் கட்டலாமா? கடன் காலத்தை நீட்டலாமா?
- யுனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானத்துக்கு அரசு தரும் உதவித்தொகை) வாங்குபவர் என்றால், மோர்ட்கேஜ் வட்டிக்கு அரசு தரும் உதவி கிடைக்குமா? 2018 ஏப்ரலிலிருந்து இது கடனாகத்தான் வருகிறது. மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். 2,00,000 பவுண்டு வரையிலான மோர்ட்கேஜின் வட்டிக்கு உதவும். வீட்டை விற்கும்போது திருப்பிக் கொடுத்தால் போதும்.
- பிரீத்திங் ஸ்பேஸ் எடுக்கலாமா? இது 2021 மே முதல் நடப்பில் இருக்கிறது. பழைய பாக்கிக்காக 60 நாள் உங்களைத் துரத்த முடியாது. ஆனால் நடப்பு மாதத் தவணையைத் தொடர்ந்து கட்ட வேண்டும்.

வழக்கு வந்துவிட்டதென்றால், கூடவே வரும் என்11எம் என்ற பதில் படிவத்தை 14 நாளுக்குள் நிரப்பி அனுப்புங்கள். நியாயமான காலத்துக்குள் பாக்கியைத் தீர்த்துவிடுவீர்கள் என்று தெரிந்தால், உத்தரவை நிறுத்திவைக்க 1970-ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் நீதிபதிக்கு அதிகாரம் தருகிறது. 1995-இல் வந்த ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பின்படி, அந்த நியாயமான காலத்தைக் கணிக்கும்போது மோர்ட்கேஜில் மீதமிருக்கும் முழுக் காலத்தையும் கணக்கில் எடுக்கலாம். அதாவது கடன் காலத்தில் இன்னும் 15 வருடம் மீதம் இருந்தால், நிலுவையை அந்த 15 வருடத்துக்கும் பிரித்துக் கட்டுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். சின்னத் தொகைதான் ஆகும். விசாரணைக்கு நேரில் போங்கள். 2023 ஆகஸ்டிலிருந்து நடக்கும் வீட்டிழப்புத் தடுப்பு ஆலோசனைச் சேவையில், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கிறது. நோட்டீஸ் வந்ததுமே அதைக் கேட்கலாம்.

படி 3: கணக்கைப் போடுங்கள்

விற்றே ஆக வேண்டும் என்ற நிலை வந்துவிட்டதா? சரி, அப்போதும் ஒரு பேப்பரில் இரண்டு கணக்கு எழுதுங்கள். உதாரணத்துக்கு, வீட்டின் சந்தை விலை 3,00,000 பவுண்டு, கடனும் பாக்கியும் சேர்த்து 1,90,000 என்று வைத்துக்கொள்வோம்.

வாடகைக்கு விடுகிறேன் என்று சொல்லி வாங்குபவர் 70 சதவீத விலை தருகிறார் என்றால் 2,10,000. கடன் போகக் கையில் 20,000. எஸ்டேட் ஏஜென்ட் மூலம் சந்தையில் கொஞ்சம் குறைத்தே 2,85,000-க்கு விற்று, செலவு 7,000 போனாலும் கையில் 88,000. வித்தியாசம் 68,000. மாத வாடகை 1,400 என்றால் இது நான்கு வருட வாடகைக்கு வரும். அதே தெருவில் வேறொரு வீட்டில் இருக்கலாம், அதே பள்ளிக்கூடம்தான். ஆகவே பெரும்பாலானவர்களுக்குச் சந்தையில் விற்பதுதான் நல்ல வழி என்பது என் உறுதியான கருத்து. வேறு ஏற்பாடு முடியாதபோது, நீங்களே விற்பதற்கு நியாயமான அவகாசம் தர வேண்டும் என்று லெண்டர்களுக்கு விதியே இருக்கிறது. அந்த அவகாசத்தை எழுத்தில் கேளுங்கள்.

இதோடு இரண்டு விஷயம் ஒட்டிக்கொண்டு வரும். கையில் 16,000 பவுண்டுக்கு மேல் இருந்தால் யுனிவர்சல் கிரெடிட் கிடைக்காது. அப்புறம், தேவையில்லாமல் விற்றீர்கள் என்று கவுன்சில் கருதினால், பின்னால் வீடில்லாமல் போகும்போது "வேண்டுமென்றே வீடிழந்தவர்" என்று முடிவு செய்ய இடமுண்டு. விற்கும் முன்பே கவுன்சிலின் வீட்டு ஆலோசனைப் பிரிவில் பேசி, லெண்டரின் கடிதங்கள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

படி 4: வாங்குபவர் யார் என்று பாருங்கள்

இவ்வளவுக்குப் பிறகும் விற்று வாடகைக்கு இருக்கும் வழிதான் என்றால், முதலில் நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் எஃப்சிஏ-வின் பொதுப் பதிவேட்டில் அந்த நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். இந்த வியாபாரத்துக்கென்றே தனி அனுமதி வேண்டும். ஏதோ ஒரு நிதிச் சேவைக்கு அனுமதி இருப்பது போதாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? 2008 நெருக்கடியில் இந்த வியாபாரம் ஓஹோவென்று நடந்தது, ஏமாந்தவர்களும் பெருகினார்கள். அன்றைய கண்காணிப்பு அமைப்பான எஃப்எஸ்ஏ, 2009 ஜூலையில் இடைக்கால விதிகளையும் 2010 ஜூனில் முழு விதிகளையும் கொண்டுவந்தது. 2012-இல் ஆராய்ந்து பார்த்தபோது, பெரும்பாலான விற்பனைகள் அந்தக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாதவை அல்லது பொருந்தாதவை என்று தெரிந்தது. அந்தச் சந்தையே கிட்டத்தட்ட மூடப்பட்டது.

விதிப்படி நடக்கும் நிறுவனம் உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்று சோதிக்க வேண்டும், தனி மதிப்பீட்டாளரைக் கொண்டு விலை போட வேண்டும், யோசிக்க 14 நாள் தர வேண்டும். தானாகப் போன் செய்வதும் கதவிடுக்கில் துண்டுச் சீட்டுப் போடுவதும் கூடாது. எனவே உங்களைத் தேடி வந்து "இன்றைக்கே முடிவு சொல்லுங்கள்" என்கிறவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

படி 5: வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்

வடகிழக்கு இங்கிலாந்தில் பல குடும்பங்கள் இப்படித்தான் விற்றன. "விரும்பும் வரை இருக்கலாம்" என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். வாங்கியவர்கள் வாடகைக்கு விடும் வீட்டுக்கான மோர்ட்கேஜ் எடுத்தார்கள், இந்த வாக்கைப் பற்றி லெண்டரிடம் சொல்லவில்லை. பிறகு தவணை கட்டாமல் விட்டார்கள். லெண்டர் வீட்டைக் கேட்டு வந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2014 அக்டோபரில் தீர்ப்பு வந்தது: அந்த வாக்கு லெண்டரைக் கட்டுப்படுத்தாது. வீட்டையும் விற்று, வாடகையும் தவறாமல் கட்டிய குடும்பங்களுக்கு இந்தக் கதி.

ஆகவே உங்களுக்கென்றே ஒரு சொலிசிட்டரை (வழக்கறிஞரை) வையுங்கள். வாங்குபவர் சிபாரிசு செய்பவர் வேண்டாம். அவரிடம் கேட்க வேண்டியவை: வாங்குபவர் மோர்ட்கேஜில் வாங்குகிறாரா, நான் அங்கேயே இருப்பது அந்த லெண்டருக்கு எழுத்தில் தெரியுமா, வாடகை எப்படி ஏறும், திரும்ப வாங்கும் உரிமை என்று சொல்வது எந்த விலைக்கு?

எத்தனை வருடம் உறுதி என்பதையும் கேளுங்கள். 2010 விதிகள் குறைந்தது ஐந்து வருட வாடகைக் காலம் கேட்டன. ஆனால் 2025-இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம், 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் நிலையான வாடகைக் காலத்தையே நீக்குகிறது. காரணம் சொல்லாமல் வெளியேற்றுவதும் அதோடு போகிறது, அது நல்லதுதான். ஆனால் உரிமையாளர் வீட்டை விற்க நினைத்தால், முதல் 12 மாதத்துக்குப் பிறகு நான்கு மாத நோட்டீஸில் வெளியேற்ற வழி உண்டு. "ஐந்து வருடம் கவலையே இல்லை" என்று யாராவது சொன்னால், அது எந்தச் சட்டப்படி என்று கேளுங்கள்.

படி 6: உறவுக்குள் எழுதிக் கொடுப்பதாக இருந்தால்

நம் ஆட்கள் நிறையப் பேர் யோசிப்பது இதுதான்: "மச்சான் பெயருக்கு மாற்றுவோம், நாங்கள் வாடகை தருகிறோம்." பாசத்தில் சொல்வதுதான், ஆனாலும் கவனம் தேவை. மச்சான் மோர்ட்கேஜ் எடுத்தால், விற்றவரே குடியிருக்கப் போகிறார் என்று லெண்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் வடகிழக்கில் நடந்த கதை குடும்பத்துக்குள்ளேயே நடக்கும். அவருக்கு ஏற்கனவே வீடு இருந்தால் முத்திரை வரியில் 5 சதவீதம் கூடுதல். விலையைக் குறைத்து எழுதினால், ஐந்து வருடத்துக்குள் நீங்கள் திவாலானால் அந்த விற்பனையை ரத்து செய்யக் கேட்க முடியும். அவர் விவாகரத்து செய்தாலோ இறந்தாலோ உங்கள் நிலை என்ன என்பதையும் எழுதி வையுங்கள். எழுதச் சொன்னால் மனம் நோகுமே என்று விட்டுவிடாதீர்கள்.

படி 7: ஏற்கனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா?

கையெழுத்துப் போட்டிருந்தாலும், இரு தரப்பும் ஒப்பந்தப் பிரதிகளை இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை என்றால் விலகலாம், இன்றே சொலிசிட்டரிடம் சொல்லுங்கள். விற்பனை முடிந்துவிட்டிருந்தால் முதலில் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். எட்டு வாரத்துக்குள் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் நிதிக் குறைதீர்ப்பாளரிடம் (ஃபைனான்ஷியல் ஒம்புட்ஸ்மன்) போகலாம். இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போய்விட வேண்டும், இதற்குக் கட்டணம் இல்லை. அனுமதியே இல்லாத நிறுவனம் என்று தெரிந்தால் எஃப்சிஏ-வுக்கும் தெரிவியுங்கள். வாடகையை மட்டும் கோபத்தில் நிறுத்திவிடாதீர்கள். வாடகைப் பாக்கி ஏறினால் உங்களை வெளியேற்ற அவர்களுக்கு வேறு காரணமே வேண்டாம்.